இங்கெரின் வலது தோள்

இங்கெர் துவக்கைத் தோளில் ஊன்றினார். கண்களை மூடிக்கொண்டார். மூச்சை மெல்ல விட்டுவிட்டுக் கண்களைத் திறந்தார்.

ஒரு துவக்கு, அதாவது வேட்டைத் துப்பாக்கி, ஒருவருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எங்கள் பட்டறையில் இதுதான் வழி. கண்ணை மூடிக்கொண்டு தூக்க வேண்டும். திறக்கும்போது துவக்கின் மேலுள்ள தொலைநோக்கியின் வட்டம் முழுதாகக் கண்ணுக்கு நேரே நின்றால் பொருத்தம். தலையைச் சரித்தும் கழுத்தை நீட்டியும் தேட வேண்டி வந்தால் பொருத்தமில்லை.

இங்கெர் தேடவில்லை. அப்படியே நின்றார். பசித்துக் கிடந்த ஆள் முதல் வாய்ச் சோற்றை வைத்ததும் முகத்தில் ஒன்று வருமே, அது அவர் முகத்தில் வந்தது.

தோளில் ஊன்றும் அந்தத் துவக்குக் கட்டையை நான் செய்யவில்லை. பட்டறைக்குப் புதிதாக வந்த மேகலா மாதிரிக்குச் செய்து வைத்திருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றெரிச்சல் என்று மனிதர்கள் சும்மா சொல்லவில்லை. உண்மையிலேயே வயிற்றின் மேல்பக்கம்தான் எரிந்தது. கையிலிருந்த எண்ணெய்த் துணியை மேசையில் போட்டுவிட்டு, கோப்பி போடப் போகிறவன்போலப் பின்னறைக்குப் போனேன். அங்கே கோப்பி ஏற்கெனவே போட்டிருந்தது.

மரம் மட்டும்

ஆர்னெயின் பட்டறை ஒஸ்லோவின் கிழக்கே, லொறிகள் வந்து திரும்பும் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. எல்லிங்ஸ்ருட்டில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். வெளியே பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லை. உள்ளே நாங்கள் செய்வதோ, ஒன்றின் விலைக்கு ஒரு நல்ல கார் வாங்கக்கூடிய வேட்டைத் துவக்குகள். குழலும் விசையும் முதலாளி ஆர்னெயின் வேலை. குழலைத் தாங்கித் தோளில் ஊன்றுகிற பகுதியைக் கட்டை என்போம். அது என் வேலை.

துவக்குக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவன் ஒஸ்லோவில் துவக்குச் செய்கிறான் என்று பகிடி பண்ணாமல் எங்கள் ஆட்களின் ஒரு கலியாண வீடும் முடிவதில்லை. "யோகன் அண்ணை, ஒண்டு எங்களுக்கும் செய்து தாங்கோவன்" என்று சோற்றுத் தட்டோடு வந்து நிற்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

வந்த புதிதில் நோர்வே மொழி வகுப்பில் பெரும்பாடு பட்டேன். அதன் பிறகு தச்சு வேலைப் பயிற்சி. அங்கிருந்துதான் ஆர்னெ என்னைக் கூட்டிப் போனார். முதல் நாள் முழுத் துவக்கு ஒன்றை என் கையில் தந்தார். என் கை அதை உடம்பில் படாமல் எட்டப் பிடித்தது. சோதனைச் சாவடிகளில் தூக்கிக்கொண்டு நின்ற கை அது. ஆர்னெ துவக்கைத் திரும்ப வாங்கி, இரண்டு திருகாணிகளைக் கழற்றி, குழலை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, கட்டையை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"இது மரம் மட்டும்" என்றார்.

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறேன். என் வாழ்நாளில் ஒரு வெடிகூடச் சுட்டது கிடையாது. வாங்க வருகிறவர்களிடம் ஆர்னெ இதைச் சொல்வார். அவர்கள் ஏதோ பெரிய துறவியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

மரம் என்றால் வால்நட் மரம். துருக்கியிலிருந்து பலகையாக வரும். இழைத்து உருவம் எடுத்த பிறகு சுடுதண்ணீர்த் துணியால் துடைப்போம். மரத்தின் நார் சிலிர்த்து எழும்பும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் துடைப்போம். நார் எழும்புவது நின்ற பிறகு எண்ணெய். அதைத் துணியால் பூசினால் எனக்குத் திருப்தி வராது. உள்ளங்கையில் விட்டு, சூடேறும்வரை தேய்க்க வேண்டும். என் சட்டையிலும் தலையணையிலும் ஆளிவிதை எண்ணெய் மணப்பதாக என் மனைவி பவானி குறைப்படுவாள். கோயிலுக்குப் போனாலும் அந்த மணம் கூடவே வரும்.

இங்கெர்

இங்கெர் கால்நடை வைத்தியர். ஒஸ்லோவுக்கு வெளியே பண்ணை பண்ணையாக வண்டியில் திரிகிறவர். எல்க் என்கிற பெரிய காட்டுமானை வேட்டையாடும் குழு ஒன்றுக்குத் தலைவி. எங்களிடம் துவக்குச் செய்ய வந்த அன்று, பலகைகளை வரிசையாகச் சாத்தி வைத்தேன். மற்ற வாடிக்கையாளர்கள் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். இவர் பெருவிரலை நக்கி, ஒவ்வொரு பலகையிலும் தேய்த்து, ஈரம் பட்ட இடத்தில் ரேகை எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அளவு எடுத்தபோது அளவு நாடாவின் ஒரு நுனியை அவரையே தோளில் பிடிக்கச் சொன்னேன். அன்னியப் பெண்ணின் தோளில் கை வைத்து அளக்கிற வளர்ப்பு என்னுடையது இல்லை. அவர் சிரித்துக்கொண்டு பிடித்தார்.

அந்தக் கட்டையைப்போல இன்னொன்றை நான் செய்ததில்லை. இது தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். கைப்பிடியில் ஊசி முனை அளவுக் கட்டங்களாகச் செதுக்கி முடிக்க ஒரு பனிக்காலம் போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேட்டைக் காலம் முடிந்ததும் இங்கெர் துவக்கைக் கொண்டு வருவார். மழையும் பனியும் பட்டு வெளுத்த இடங்களுக்கு நான் எண்ணெய் பூசுவேன். பக்கத்தில் முக்காலியைப் போட்டு இருந்து கோப்பி குடிப்பார். என்னை யோஹான் என்பார். யோகன் என்பது நோர்வேக்காரர் வாயில் அப்படித்தான் வரும். நான் எங்கள் ஊர்ப்பக்கத்து நெடுந்தீவில் திரியும் குதிரைகளைப் பற்றிச் சொல்வேன். அவர் வயிற்றில் கன்று புரண்டு ஈன முடியாமல் கிடந்த பசுக்களைப் பற்றிச் சொல்வார். வேறு எந்த வாடிக்கையாளரும் அப்படி வந்து இருந்ததில்லை. இங்கெரின் அளவு எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கோயம்புத்தூர்ப் பிள்ளை

இப்போது மேகலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவிதமாகச் சொல்ல முயற்சி செய்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரி. இங்கே வடிவமைப்புப் படித்துவிட்டு ஆர்னெயிடம் வேலைக்கு வந்தாள். அவள் செய்யும் கட்டையில் மரமே கிடையாது. கார்பன் நாரைப் பசையில் தோய்த்து அச்சுக்குள் அடுக்கி வேகவைத்து எடுக்கிறாள். கறுப்பு. தடவினால் வெறும் குளிர். கன்னம் படும் இடத்தை ஒரு பொத்தானை அழுத்தி உயர்த்தலாம், இறக்கலாம். தோளில் படும் அடிப்பகுதியையும் நீட்டலாம், குறுக்கலாம். ஒரே கட்டை புருசனுக்கும் பெண்சாதிக்கும் பொருந்தும். எனக்கு அதுவே ஒரு மரியாதைக் குறைவாகத் தெரிந்தது.

"இந்தப் பிளாஸ்டிக்கை ஆர் வாங்குவினம்?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"பிளாஸ்டிக் இல்லீங்ணா, கார்பன்" என்றாள். "மழைல ஊறாது, பனில சுருங்காது. துப்பாக்கி வச்ச எடத்துலயே நிக்கும்ங்ணா."

என் மரம் ஊறும் என்பதைத்தான் அவ்வளவு பணிவாகச் சொல்கிறாள். ஊறும்தான். அதற்காகத்தானே வருடா வருடம் நான் எண்ணெய் பூசுகிறேன்!

முட்டைகூடத் தொடாத சைவக்காரி, எல்க் வேட்டைக்குத் துவக்கு வரைகிறாள். அதுவும் போதாதென்று ஒரு சுடுகழகத்தில் சேர்ந்து, வாரம் தவறாமல் போய்ச் சுட்டுவிட்டு, தோளைத் தடவிக்கொண்டு வருவாள். "நாம செய்யறது எப்படி இடிக்குதுன்னு நமக்குத் தெரியோணுமல்லங்ணா?" என்பாள்.

என் பிழைப்புப் போகிறது என்ற பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வால்நட் துவக்குக்கு ஸ்தவாங்கர் நகரத்துப் பெற்றோலியக் கம்பனிக்காரர்கள் இன்றைக்கும் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு ஓய்வூதியம் வரும்வரைக்கும் வேலை இருக்கிறது. அவள் வந்ததால் எனக்கு ஒரு சதம் நட்டமில்லை. அப்படியிருந்தும் எரிந்தது.

பாதி திறந்த கதவு

அன்றைக்குப் பின்னறையில் கோப்பியோடு நின்றபோது கதவு பாதி திறந்திருந்தது. ஒட்டுக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே கேட்டேன்.

மேகலாவின் நோர்வே மொழி என்னுடையதைவிட மோசம். ஆனால் கூச்சமே இல்லாமல் கேட்பாள்.

"எங்கே நோகிறது? இங்கேயா, இன்னும் மேலேயா?"

"அங்கேதான்" என்றார் இங்கெர். எட்டிப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் சட்டையைச் சரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மேகலாவின் விரல் அவருடைய வலது தோள் எலும்பில் இருந்தது.

"எவ்வளவு காலமாக?"

"அந்தக் குதிரை என்னைச் சுவரோடு வைத்து நெரித்த நாளிலிருந்து. தோள் முன்னுக்கு வந்துவிட்டது. கை முன்புபோல நீளாது. பழைய துவக்கு எனக்கு இப்போது நீளம். ஒவ்வொரு வெடிக்கும் எலும்பில் இடிக்கிறது. இடிக்கப் போகிறது என்று தெரிந்து முன்னமே கண்ணை மூடிவிடுகிறேன். அதனால்தான் கோடைத் தொடக்கத்தில் தேர்வில் தவறினேன்."

எல்க் வேட்டைக்குப் போகிறவர்கள் இந்த நாட்டில் வருடா வருடம் சுடும் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் அந்த இலையுதிர்காலம் குழு காட்டுக்குப் போகும். நீங்கள் வீட்டில் இருந்து உருளைக்கிழங்கு அவிக்கலாம். இங்கெர் தவறியது எனக்குத் தெரியாது.

"இன்னொரு தடவை தவறினால் வேட்டையை விட்டுவிடுவேன்" என்றார். "தலைவியே தவறினால் குழுவுக்கு என்ன மரியாதை?"

"யோகன் அண்ணாவிடம் சொன்னீர்களா?"

"யோஹானிடம் எப்படிச் சொல்வது? எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்."

அதுவரைக்கும் எரிந்தது ஒரு மாதிரி. அப்போது எரிந்தது வேறு மாதிரி. அவள் நல்ல துவக்குச் செய்துவிட்டுப் போகட்டும். வருடக்கணக்காக என் முக்காலியில் இருந்து கோப்பி குடித்த மனுசி எனக்குச் சொல்லாத நோவை, பழகி ஒரு மத்தியானம்கூட ஆகாத ஒருத்தியிடம் சட்டையைச் சரித்துக் காட்டுகிறாரே, அதுதான் தாங்க முடியவில்லை.

குதிரை நெரித்த வருடம் எனக்கு நினைவிருக்கிறது. கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "குதிரை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கட்டைக்கு வழக்கத்தைவிடக் கூடவே எண்ணெய் பூசிக் கொடுத்தேன். மரம் மின்னியது.

வீட்டுக்குப் போனதும் பவானி என் முகத்தைப் பார்த்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஆட்கள் மறைப்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குத் தொழில்.

"என்னப்பா, இஞ்சி திண்ட குரங்கு மாதிரி நிக்கிறியள்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேகலாவைப் பற்றிக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையிலை உங்களுக்கு எரிச்சல்" என்றாள் பவானி.

"எரிச்சலோ? எனக்கேன் எரிச்சல்? இவ்வளவு காலம் பழகின மனுசி எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை எண்டுதான்..."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"அவ சொல்லேல்லை எண்டுறன்."

"ஓம், அது விளங்குது. நீங்கள் கேட்டனீங்களோ எண்டுதான் நான் கேக்கிறன்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் வைத்த மீன்குழம்பில் உப்பே இல்லை என்று சண்டை பிடித்தேன். உப்பு இருந்தது.

நல்வாழ்த்து

தேர்வு நாளில் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார் இங்கெர். அவரையும் ஏற்றிக்கொண்டு மேகலா கார் ஓட்டினாள். பழைய வால்நட் துவக்கும் உறைக்குள் கூடவே வந்தது.

சுடுதிடல் காட்டோரத்தில் இருந்தது. மழை விட்டிருந்தது. கழகக் கொட்டிலில் யாரோ வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மணமும் வெடிமருந்து மணமும் கலந்து வந்தன. காதுமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே நின்றேன். இங்கெர் சுடுவதை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

பயிற்சிக்கு முதலில் வால்நட் துவக்கைத்தான் எடுத்தார். எனக்காக எடுத்தார் என்பது தெரிந்தது. தோளில் ஊன்றி, கழுத்தை ஒருமாதிரி வளைத்து, தலையை முன்னுக்கு நீட்டித் தேடினார். விசையை அழுத்த முன்னமே கண்கள் இறுக மூடிக்கொண்டன. வெடித்தது. கட்டை தோளில் இடித்ததும் அவர் உதடு ஒரு பக்கம் கோணியது. அதை மறைக்க உடனே என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று இல்லை. ஆனால் அவர் அந்தத் துவக்கை வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தபோது, அவசரமாக, நோவிலிருந்து விடுதலை கிடைத்தவர்போல எடுத்தபோது, இரக்கம் போய்விட்டது. இது தவற வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கறுப்புச் சாமான் எல்லோர் முன்னாலும் தவற வேண்டும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வேட்டைக்குப் போகிறவருக்கும் குறி பார்க்கிறவருக்கும் நல்வாழ்த்துச் சொல்லவே கூடாது. சொன்னால் ஆகாது. "நாசமாய்ப் போன வேட்டை அமையட்டும்" என்ற அர்த்தத்தில்தான் வாழ்த்துவார்கள். எங்கள் ஊரில் குழந்தையை வடிவு, அழகு என்று சொன்னால் நாவூறு படும் என்கிறோமே, அதேதான். எத்தனையோ இலையுதிர்காலங்களில் நானும் இங்கெரை அப்படித்தான் திட்டி வழியனுப்பியிருக்கிறேன்.

அவர் படுத்துக் குறி பார்க்க ஆயத்தமானார். நான் இரண்டு அடி முன்னால் போனேன்.

"நல்வாழ்த்துக்கள், இங்கெர்" என்றேன். தெளிவான நோர்வே மொழியில், சிரித்த முகத்தோடு.

பக்கத்தில் நின்ற கிழவர் வாஃபிளை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றுவிட்டார். மேகலா மட்டும் ஒன்றும் தெரியாமல், "ஆமாம், நல்வாழ்த்துக்கள்!" என்று தானும் சந்தோசமாகச் சொன்னாள். இங்கெர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த வழக்கம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கன்னத்தைக் கறுப்புக் கட்டையில் வைத்தார்.

ஐந்து வெடி. ஐந்தும் வட்டத்துக்குள் விழ வேண்டும். நான் குறிப்பலகையைப் பார்க்கவில்லை, இங்கெரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வெடிக்கும் கண் மூடவில்லை. ஐந்தும் உள்ளே.

மேகலா துள்ளிக் குதித்துப் போய் அவரைக் கட்டிப் பிடித்தாள். வலது தோளில் படாமல், இடது பக்கமாகக் கட்டிப் பிடித்தாள். அதையும் பார்த்தேன்.

திரும்பும் வழி

திரும்பி வரும்போது மேகலா ஓட்ட, பக்கத்தில் இங்கெர் இருந்தார். பின் இருக்கையில் நான். என் பக்கத்தில் வால்நட் துவக்கு உறைக்குள் கிடந்தது. அவர்கள் இருவரும் கன்னப் பட்டையின் உயரத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாட்டன் காணியைப் பறிகொடுத்தவன்போல இருந்தேன் என்று மேகலா பிறகு ஆர்னெயிடம் சொன்னாளாம்.

இங்கெர் முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "யோஹான், அந்தத் துவக்கை என் தங்கையின் மகளுக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். அவள் வேட்டை அனுமதி எடுக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள்."

"கூடாது" என்றேன். "அது உங்களுக்கென்று செய்தது. உங்களுடைய அளவு. வேறு யாருக்கும் பொருந்தாது."

"எனக்கும் பொருந்தவில்லை, யோஹான்."

மெதுவாகத்தான் சொன்னார். நோயாளி மாட்டின் சொந்தக்காரனிடம் கதைக்கிற குரல் அது. பக்கத்தில் கிடந்த உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்படியென்றால் பட்டறையில் விட்டுவிட்டுப் போங்கள்" என்றேன். "நான் வெட்டித் திருத்துகிறேன்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்கு இப்போது ஒரு துவக்கு இருக்கிறதே."

"தெரியும்" என்றேன். "நன்றாகவே தெரியும்."

அவர் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். கை தன்பாட்டில் வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தது.

நாங்கள் நோர்வே மொழியில் கதைத்தது மேகலாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"அண்ணா, அவங்களோட இப்பத்த அளவு பூராவும் எங்கிட்ட இருக்குதுங்ணா. தோளு, கை, கழுத்து எல்லாம். நாளைக்கே குடுத்தர்றேன். நீங்க மறுபடியும் எடுக்க வேண்டியதே இல்லீங்ணா."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதனால் இன்னும் எரிந்தது.

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "நான் அவவைக் கேட்டு எடுக்கிறன்."